ஞாயிற்றுக்கிழமைக்காரர்

பொங்கல் முடிந்தால் எங்கள் அச்சகத்தில் வேலை மெலிந்துவிடும். காலண்டர் ஆர்டர் எல்லாம் லோடு ஏறிப் போயிருக்கும். நோட்டு அட்டை வேலை சூடுபிடிக்க இன்னும் நாள் கிடக்கும். அந்த நேரத்தில் முதலாளி கிடைத்ததை எல்லாம் வாங்கிப் போடுவார். காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ், ஃபிளக்ஸ், எதுவானாலும் சரி. கம்ப்யூட்டரில் அவற்றை வடிவமைப்பது என் வேலை. செத்தவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவதும், மொட்டைத் தலைப் பிள்ளைக்குப் பக்கத்தில் தாய்மாமன்களை வரிசையாக நிறுத்துவதும் எனக்குக் கைப்பழக்கம்.

அப்படி ஒரு மத்தியானம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பென் டிரைவோடு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆலங்குளத்தில் வேலையாம். கிரிக்கெட் கிளப்புக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறாராம்.

"அக்கா, எங்க அண்ணன் ஒருத்தரு முந்நூறாவது மேட்ச் ஆடப் போறாரு. எல்லாம் ஒரே கிளப்புக்கு. இந்தப் பக்கத்துல எவனும் அம்புட்டு ஆடுனதில்ல. பெருசா ஒரு ஃபிளக்ஸ் வைக்கணும். நல்லா ஜம்முன்னு செஞ்சி குடுங்க."

பென் டிரைவைச் சொருகித் திறந்தேன். திரையில் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு படத்தில் மட்டும் இல்லை. இடுப்பில் லுங்கியும் தலையில் துண்டுமாக ஒரு பெரிய தேக்சாவுக்கு முன்னால் நின்று கரண்டியால் எதையோ கிண்டிக்கொண்டு சிரித்தார். யாரோ ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியபடி சிரித்தார். பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, வாயைப் பிளந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல்லில் அடைத்திருக்கும் வெள்ளிகூடத் தெரிகிற மாதிரி சிரித்தார். அந்தப் பல்லை அடைக்க நான்தான் அவரை மதுரைக்குக் கூட்டிப்போனேன். அதற்குப் பிறகு அதை இப்போதுதான் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் அவர் படங்கள் இருக்கின்றன. கல்யாண ஆல்பத்தில் இருக்கிறார், மகளின் சடங்குப் படத்தில் இருக்கிறார், ரேஷன் கார்டில் இருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரே முகம். யாரோ முகவரி கேட்டு, அதை யோசித்துக்கொண்டிருப்பது போன்ற முகம்.

படங்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஒரு கோப்பை வாங்கும் வரிசையில் ஓரமாக அவர் வாயை மூடிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று அகப்பட்டது. அதை வெட்டி எடுத்து, பெரிதாக்கி, நடுவில் வைத்தேன்.

செயலாளர் திரையை எட்டிப் பார்த்தார். "அக்கா, இது வேண்டாம்க்கா. இது அண்ணன் மாதிரியே இல்ல."

"ஏன், கண்ணு மூக்கெல்லாம் தெளிவாத்தான இருக்கு?"

"தெளிவாத்தான் இருக்கு. ஆனா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு நின்னு நாங்க அவரப் பாத்ததே இல்லியே. அவரு ஒரு தெரு தள்ளி வரும்போதே சிரிப்புச் சத்தம் வந்துரும். நீங்க அவரப் பாத்ததில்ல, அதான்."

"பாத்திருக்கேன்."

"எங்கன வச்சி?"

"வீட்ல வச்சித்தான். நான் அவரு வீட்டுக்காரி."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "மதினியா? அய்யோ, தெரியாமப் போச்சே! அண்ணன் சொல்லவே இல்லியே, நீங்க இங்கனதான் வேல பாக்கீகன்னு." பிறகு முகமெல்லாம் மலர்ந்து, "ஞாயித்துக்கெழம நீங்க கண்டிப்பா வரணும் மதினி. அண்ணன் சொல்லியிருப்பாருல்லா?" என்றார்.

"சொன்னாரு, சொன்னாரு" என்றேன். அவர் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று இன்னொருவர் முன்னால் ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

கடைசியில் பஸ் படிக்கட்டுப் படத்தைத்தான் வைத்தோம். கடைவாய் வெள்ளியோடு, ஆள் உயரத்துக்கு மேல்.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்கு ஊரில் ஆள் கிடையாது. அச்சங்குளம் பக்கத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் கிட்டங்கிச் சரக்கு முழுக்க அவர் பொறுப்பு. குடி கிடையாது. கை நீட்டியதில்லை. மகளை மதுரையில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பதற்கு, எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் எதிர்த்தவர்களுக்கு ஒற்றை ஆளாகப் பதில் சொன்னவர் அவர்தான். ஆனால் வீட்டில் பேச்சு கிடையாது. குழம்பு எப்படி என்றால் "ம்". உடம்பு எப்படி என்றால் "ம்". அந்த "ம்"மில் இருக்கிற ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் நான் குடும்பம் நடத்தி வந்தேன். சில ஆண்களுக்கு வாய் பிறப்பிலேயே கம்மி, இவரும் அந்த வகை என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, பொறாமை இல்லை. இல்லாத ஒன்றுக்காக யாரும் பொறாமைப்பட முடியாது. அந்தச் சிரிப்பு இருக்கிறது, வேறு இடத்தில் செலவாகிறது என்று தெரிந்த பிறகுதான் அது பற்றிக்கொண்டது.

என்னைக் கட்டுவதற்கு முன்பே அவர் அந்தக் கிளப்பில் சேர்ந்துவிட்டார். கணக்குப்படி அதுதான் மூத்தாள். நான் இளையாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். காப்பி முடிந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு" என்றார்.

"எந்த ஞாயித்துக்கெழமதான் இல்ல? என்ன விசேஷம்?"

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல. பயலுக ஏதோ பண்ணுதானுக."

"நானும் வரவா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அங்கன வந்து நீ என்ன செய்யப் போற? வெயிலா இருக்கும்."

"எல்லாருக்கும்தான வெயிலு?" என்றேன். அவர் "ம்" என்றார். அது சரி என்கிற "ம்"மா, வேண்டாம் என்கிற "ம்"மா என்று தெரியவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியக் காலையிலேயே அவர் கிளம்பிப் போய்விட்டார். நான் பட்டுச் சேலை கட்டுவதா, சாதாரணச் சேலை கட்டுவதா என்று இரண்டு முறை மாற்றினேன். ஒரு பெண் எதற்கெல்லாம் போட்டியாக உடுத்த வேண்டியிருக்கிறது, பாருங்கள். இருபது முப்பது ஆம்பிளைகளும் ஒரு கரிசல் பொட்டலும்தான் என் போட்டி. கடைசியில் மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

மைதானம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று பக்கம் கருவேல முள், ஒரு பக்கம் ரோடு. நடுவில் மேட் விரித்து ஆணி அடித்திருந்தார்கள். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட். நுழைவில் நான் செய்த ஃபிளக்ஸ். அந்தச் சிரிப்பைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

இரண்டு அணிக்காரர்களும் எதிரெதிரே வரிசையாக நின்று மட்டைகளை உயர்த்திக் கூரை மாதிரிப் பிடித்தார்கள். அதற்குள் அவர் குனிந்து நடந்து வந்தார். சரம் கொளுத்தினார்கள். இந்தப் பக்கம் சரம் வெடிக்காமல் நல்லது எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. சிவப்புக் காகிதம் மேட் முழுக்கப் பறந்து விழ, அம்பயர் சத்தம் போட்டு, விளக்குமாறு கொண்டுவரச் சொல்லி, பெருக்கிய பிறகுதான் ஆட்டம் தொடங்கியது.

எனக்கு ஆட்டம் புரியாது. அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போட்டார். கைதட்டினார். தூரத்தில் நின்ற ஒருவரைப் பார்த்து "ஏலே, தூங்குதியா? மெத்த கொண்டாரச் சொல்லவா?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கையான மனிதராக இருந்தார். அடுத்த வீட்டுக்காரர் என்றால் நானும் ரசித்திருப்பேன்.

அவர் பந்து போட்டு ஒருவர் அவுட் ஆனதும் அத்தனை பேரும் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் அவர் தலைமயிரைக் கலைத்துவிட்டார். ஒருவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். பட்டப்பகலில், ஊர் பார்க்க. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவில்கூட என் தோளில் அவர் கை பட்டதில்லை. என் மடியில் இருந்த கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

இடைவேளையில் விக்கெட் கீப்பர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்தே என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. சாத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பிள்ளை. என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியவர். இவரை "மாப்ள" என்பார், அதனால் நான் அவருக்குத் தங்கச்சி.

"சாப்பிட்டீகளா தங்கச்சி? வெயிலு தாங்குதா?" என்று விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "போன வாரம் வீட்ல ஏதும் மனஸ்தாபமா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன சனிக்கிழமை மகள் லீவுக்கு வராதது பற்றி ஒரு சின்னப் பேச்சு, நானாகவே பேசி, நானாகவே முடித்தது. "அவரு சொன்னாரா அண்ணே?"

"அவன் எங்க சொல்லப் போறான்! பந்து போட ஓடி வருவான்லா, அதுல தெரிஞ்சிரும். வீட்ல ஏதாவதுன்னா கடைசி ரெண்டு எட்டு குட்டையாயிரும். ஸ்டம்புக்குப் பின்னால நின்னு இத்தன வருசமாப் பாத்துட்டு இருக்கேன்ல."

அந்தச் சண்டையில் அவர் என்னிடம் முகம்கூட மாறவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார். அவருக்கு அது உறைக்கவே இல்லை என்று நினைத்து இரண்டு நாள் அழுதேன். உறைத்திருக்கிறது. அந்தச் செய்தி மட்டும் என்னிடம் வராமல் இந்த மனிதரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கீப்பர் நல்லவர்தான். ஆனாலும் எழுந்து வேறு நாற்காலியில் உட்காரலாமா என்று தோன்றியது.

அடுத்தது சாப்பாடு. சாமியானாவுக்குப் பின்னால் தேக்சாவில் கறிக்குழம்பு கொதித்தது. சமையல்காரர் ஒருவர் இருந்தார். ஆனாலும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விட்டார்கள். அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, உப்புப் போட்டு, மல்லிப்பொடி கேட்டு வாங்கித் தூவினார்.

"அண்ணன் கை படாம எறக்க மாட்டோம் மதினி" என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார். "வெளியூர் மேட்சுக்குப் போனா சமையலே அண்ணன்தான். ஒங்களுக்குத் தெரியாததா!"

எங்கள் வீட்டில் தீப்பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது ஒரு வாரம் கடை இட்லிதான். இலையில் விழுந்த குழம்பை ஒரு வாய் வைத்தேன். நன்றாக இருந்தது. நான் வைப்பதைவிட நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காரம் என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் பாராட்டு. மாலை, கேடயம், பொன்னாடை. ஒவ்வொருவராகப் பேசினார்கள். கடைசியாக அவர் மைக்கைப் பிடித்தார். தடங்கலே இல்லாமல் பேசினார். மேட் சுமந்தவரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவர் வரை எல்லாருக்கும் நன்றி சொன்னார். கீப்பரைப் பற்றிச் சொல்லும்போது பொன்னாடை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்ல... இத்தன வருசத்துல ஒரு ஞாயித்துக்கெழமகூட 'போகாதீக'ன்னு என்னத் தடுத்ததில்ல. அதுக்கு நன்றி."

கைதட்டினார்கள். எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. மற்றவர்களுக்கெல்லாம் செய்ததற்கு நன்றி. எனக்கு மட்டும் குறுக்கே நிற்காததற்கு நன்றி. கதவுக்குச் சொல்லும் நன்றி.

எனக்கும் ஒரு பொன்னாடை போட்டு, "மதினி ரெண்டு வார்த்த பேசணும்" என்று மைக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். கை நீண்டு வாங்கிவிட்டது.

"தடுக்கலன்னு சொன்னாரு" என்றேன். ஸ்பீக்கரில் என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "எங்க போறாகன்னு தெரிஞ்சாத்தான தடுக்க? நான் ஏதோ பந்து பொறுக்கத்தான் போறாகன்னு நெனச்சிட்டேன். இங்கன வந்து பாத்தா, சிரிக்காக, கேலி பேசுதாக, கொழம்பு வைக்காக. இவுகள எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க எல்லாரும் சேந்து இந்த ஆள எனக்கு ஒருநா வீட்டுக்கு அனுப்பி வையிங்க. நானும் பாத்துக்கிடுதேன்."

கூட்டம் சிரித்தது. விசில் அடித்தார்கள். அவர்களைச் சிரிக்க வைப்பதற்காக நான் சொல்லவில்லை என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்து, பூட்ஸில் ஒட்டியிருந்த சரவெடிக் காகிதத்தை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார்.

அவர் வண்டியிலேயே திரும்பினோம். திருத்தங்கலுக்கு முன்னால் ரயில்வே கேட் அடைத்திருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"அங்கன போனாப் பேச்சு தானா வருது. பந்து இருக்கு, செயிச்சது இருக்கு, தோத்தது இருக்கு. ஒங்கிட்ட வந்தா எத எடுக்கன்னு தெரியல. தப்பா ஏதாச்சும் சொல்லிருவமோன்னு இருக்கு."

"எதையாச்சும் எடுங்க. நான் என்ன அம்பயரா?"

அவர் "ம்" என்றார். கேட் திறந்தது.

அதன் பிறகு ஏதாவது மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. அடுத்த ஞாயிறும் அவர் போனார். நான் போகவில்லை. போனால் இன்னும் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்குமோ என்று பயமாக இருந்தது. வீட்டில் இருந்துகொண்டே, இந்நேரம் தேக்சா அடுப்பில் ஏறியிருக்கும், இந்நேரம் யாராவது அவர் தலைமயிரைக் கலைத்திருப்பார்கள் என்று எரிந்துகொண்டிருந்தேன்.

பங்குனி வெயிலில் ஒரு நாள், பந்தை விரட்டி ஓடும்போது அவருக்கு முழங்கால் புரண்டுவிட்டது. மதுரையில் காட்டினோம். ஜவ்வு கிழிந்திருக்கிறது, இந்த சீசன் ஆட வேண்டாம், அடுத்ததைப் பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். இவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பக்கத்தில் கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, உள்ளே ஒரு மூலையில் யாரோ மத்தாப்பு கொளுத்தியது மாதிரி இருந்தது. இனி ஞாயிறு எனக்கு.

ஞாயிறு வந்தது. அவருக்குப் பிடித்த விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டார். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு போனில் கிளப் ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. அவரை முழுசாக வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான், எனக்குக் கிடைத்தது அந்த ஃபிளக்ஸில் இருந்த ஆள் இல்லை என்று புரிந்தது. அவரை அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு மீன்குழம்புக்குத்தான் தாங்கியது.

மூன்றாவது ஞாயிறு ஆட்டம் முடிந்து அவர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கீப்பர், செயலாளர், இன்னும் முகம் மட்டும் தெரிந்த சிலர். வியர்வையும் மண்ணுமாக. நான் தேநீர் போட அடுக்களைக்குள் போனேன். பால் பொங்குவதற்குள் முன்னறையிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. என் வீட்டுச் சுவருக்குள், முதல் முறையாக. அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டேன். அவ்வளவு பக்கத்தில் கேட்டும், பொறாமை குறையவில்லை, கூடத்தான் செய்தது.

தட்டோடு போனேன். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யார் வந்தாலும் டம்ளர்களைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

"நிறுத்திட்டீகளே, சொல்லுங்க. நானும் கேக்கேன்."

உட்கார நாற்காலி மிச்சமில்லை. அவர் என்னைப் பார்த்தார். நீட்டியிருந்த காலைக் கையால் தூக்கி ஓரமாக நகர்த்தி வைத்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

கீப்பர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்ல தங்கச்சி. காரியாபட்டிக்கு ஆடப் போயிருந்தோம். ஒருத்தன் தூக்கி அடிச்சதுல பந்து கடலைக் காட்டுக்குள்ள போயிருச்சு. ஒங்க வீட்டுக்காரர எடுக்க அனுப்புனோம். போனவன் வரவே இல்ல. ஆட்டம் நிக்கிது. கடைசில பாத்தா காட்டுக்காரரோட சிரிச்சிப் பேசிட்டு வாரான். மடி நெறயக் கடல. பந்து எங்கலேன்னா, மறந்துட்டேன்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடல வீட்டுக்கு வரலியே" என்றேன்.

"எங்க வர? இந்தா இருக்கானுவள்ல, பஸ்ஸுலயே தின்னு தீத்துட்டானுக" என்றார் அவர். பிறகு கீப்பரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "இவன் முழுசாச் சொல்லலட்டி. அந்தக் காட்டுக்காரரு யாரு தெரியுமா? நம்ம கலியாணத்துக்கு மேளம் வாசிச்சவரு. அவரா அடையாளம் கண்டுபிடிச்சிட்டாரு. ஒன்னத்தான் மொதல்ல விசாரிச்சாரு."

அவர் சொல்லச் சொல்ல, இவர்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கே இருந்தார்களே, நான் இல்லையே என்று வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. காரியாபட்டியிலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரியே இதைச் சொல்லியிருக்கலாமே என்றும் வாய்வரை வந்தது. அதை அப்போது கேட்கவில்லை.

"அப்புறம்?" என்றேன்.